பதினோரு கிண்ணங்களும் ஐந்து சாடிகளும்

சூளைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வெள்ளத்திலிருந்து பதினோரு கிண்ணங்களை நான் மீட்ட கதையை எழுதித் தரும்படி மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி, கண்ணில் புரை, பேத்தி கல்யாணம் என்று நானும் ஒவ்வொரு சாக்காகச் சொல்லித் தட்டிக்கழித்தேன். சாக்குகள் தீர்ந்துவிட்டன. பட்டறை முகப்பில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு கிண்ணம் மரப்பெட்டியோடு இருக்கிறதே, அதைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் சொல்லும் கதையில் ஒரு பொய் இருக்கிறது. அது நான் சொன்ன பொய். உட்கார்ந்து எழுதவே அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தீயைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். எந்தச் சூட்டில் எது உருகும் என்று என்னைவிட நன்றாகவே உங்களுக்குத் தெரியும். நான் தென்காசிப் பக்கம் ஓட்டுக் கம்பெனி ஒன்றில் விறகு தள்ளுகிறவனாக ஆரம்பித்தவன். அங்கே வெந்தால் ஓடு, வேகாவிட்டால் மண், அவ்வளவுதான் கணக்கு. ஓடு உடைந்ததற்காக யாரும் சாப்பிடாமல் இருந்ததில்லை. இந்தப் பட்டறைக்கு வந்த பிறகுதான், சூளைக்குள் இருக்கும் ஒரு சாடிக்காக ஒரு மனுஷி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன்.

அவர் ஜப்பானிலிருந்து வந்த அம்மா. பெயர் வேண்டாம். இங்கே எல்லோரும் அம்மா என்றுதான் கூப்பிட்டோம். அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. முன்பு புதுச்சேரியில் இரண்டு வருடம் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். சின்னச் சின்ன வாக்கியமாக, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்து வைப்பதுபோல் பேசுவார். என்னைக் காதர் சான் என்பார். சான் என்றால் அவர்கள் ஊரில் மரியாதை. என் கூட்டாளி சுடலைமுத்துவுக்கு அதைக் கேட்டால் சிரிப்புத் தாங்காது.

அவருடைய ஊரில் பல தலைமுறையாகப் பானை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சின்ன வயதில், பெண்கள் மண் பிசையலாம், சுட்ட சாமானைத் துடைக்கலாம், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுக்கலாம், எரிகிற சூளைக்குப் பக்கத்தில் மட்டும் போகக்கூடாதாம். இவர் முப்பத்தைந்து வயதில் மலையோரத்தில் தனக்கென்று ஒரு சூளை கட்டிக்கொண்டார். வாரத்தில் இரண்டு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மண் வகுப்பு எடுத்துச் சாப்பாட்டுக்குப் பார்த்துக்கொண்டார். மற்ற நாளெல்லாம் மண். இருபது வருடம் இப்படிப் போனது. பிறகு மலையோரத்தில் புது வீடுகள் வந்தன. காயப்போட்ட துணியில் கரி விழுகிறது என்று புகார் வந்தது. கடைசியில் விறகே வைக்கக்கூடாது என்று ஆகிவிட்டது. அங்கே இளசுகள் எல்லாம் காஸுக்கு மாறிவிட்டார்கள். ஒருநாள் அவரிடம் கேட்டேன், காஸில் சுட்டால் என்னம்மா என்று.

“வேகும், காதர் சான். ஆனா அது சுடவெச்ச பழைய சோறு. எனக்குப் புதுச் சோறு வேணும்” என்றார்.

புகைக்கு யாரும் புகார் கொடுக்காத ஊரைத் தேடித்தான் தாமிரபரணிக் கரைக்கு வந்தார். நம் ஊரில் புகையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

அவர் வந்த காரியம் ஒன்றே ஒன்று. அவருடைய நாற்பது வருட வேலையை ஒரு பெரிய கூடத்தில் காட்சிக்கு வைக்கப்போகிறார்கள். அதன் நடுவில் நிற்க இடுப்பு உயரத்தில் ஐந்து சாடிகள் வேண்டும். நம் ஆற்றுப்பக்கத்துக் குளத்து மண்ணை, அங்கிருந்து கொண்டுவந்த மண்ணோடு கலந்து, கயிறு கயிறாகத் திரித்து, அடுக்கி, ஏழு மாதம் செய்தார். கிண்ணங்களும் தட்டுகளும் நூற்றுக்கு மேல் இருந்தன. அவையெல்லாம் இடத்தை நிரப்பத்தான். வலது மணிக்கட்டில் எப்போதும் துணி கட்டியிருப்பார். “பெரிசு இன்னும் ரெண்டு தடவை செய்யலாம். அப்புறம் இந்தக் கை கேக்காது” என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்.

சூளைக்கு இடம் பார்த்தது நான். ஆற்றங்கரைச் சரிவு. குகை மாதிரி ஏறிப்போகிற சூளைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் ஒன்றுதான் கேட்டார், தண்ணீர் இங்கே வருமா என்று. “வராதும்மா, எங்க வாப்பா காலத்துலயே வந்ததில்ல” என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். உள்ளூர்க்காரனிடம் ஆற்றைப் பற்றிக் கேட்டால் வேறு எப்படிச் சொல்வான்?

நான்கு நாள் எரித்ததை எழுதப்போவதில்லை. நன்றாக எரிந்தது. அடுப்பு வாயையும் மேல்வாசலையும் மண் பூசி அடைத்தோம். இனி ஒரு வாரம் தொடக்கூடாது, தானாக ஆற வேண்டும். அடைத்த மறுநாள் மழை பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, அணை திறந்திருக்கிறார்கள், கரையில் இருப்பவர்கள் எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். ஆற்றின் நிறம் அப்போதே மாறியிருந்தது.

சூளைக்குள் இன்னும் நெருப்புச் சூடு. அந்தச் சூட்டில் ஆற்றுத் தண்ணீர் புகுந்தால் செங்கல் வெடிக்கும், சூளையே உட்காரும். தண்ணீர் வருவதற்கு முன்னால் திறந்தாலோ, மழைக்காற்று பட்டு உள்ளே இருப்பதெல்லாம் விரிசல் விடும். அம்மா சூளைச் சுவரில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தெளிவாகச் சொன்னார்.

“திறக்க வேணாம், காதர் சான். தண்ணி வந்தா போகும். வரலைன்னா இருக்கும். திறந்தா கட்டாயம் போகும்.”

“சரிம்மா.”

“நீங்களும் வரணும். பானை செய்யலாம். ஆள் செய்ய முடியாது.”

“பின்னாலயே வாரேன்.”

அவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் போகவில்லை. நான் போகாததால் சுடலைமுத்துவும் போகவில்லை.

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். நான் அப்போது பயப்படவில்லை. பயந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருப்பேன், எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எனக்கு இருந்தது வெட்கம். வராது என்று சொன்னவன் நான். வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டேன், முழுகியது. இன்னொன்று நட்டேன், அதுவும் முழுகியது. மூன்றாவது குச்சி அடுப்பு வாய்க்கு ஐந்தடியில் நின்றது. ஒருத்தர் தன் ஏழு மாத உழைப்பை என் வாய்ச்சொல்லை நம்பி இங்கே வைத்திருக்கிறார், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஏதாவது செய்ய வேண்டும். எதையாவது. அந்த எண்ணம் வந்துவிட்டால் அறிவு வேலை செய்யாது. இத்தனை வருடத்தில் சூளைக்காரர்கள் கெட்டதெல்லாம் சோம்பலால் இல்லை, சும்மா இருக்க முடியாததால்தான்.

நான் கடப்பாரையை எடுத்ததும் சுடலை குறுக்கே வந்து நின்றான்.

“என்ன வே செய்யப்போறீரு? அந்த அம்மா படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போயிருக்கு. பேசாம இரும்.”

“தண்ணி ஏறுதுலா. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?”

“ஆமா, பாத்துக்கிட்டு நில்லும். ஒம்ம சொத்தா அது?”

“என் சொத்தா இருந்தா நின்னுருப்பேம்ல.”

அதற்கு மேல் அவன் தடுக்கவில்லை. சொன்னால் கேட்க மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். மேல்வாசலின் அடைப்பை நான்தான் உடைத்தேன். மழைக்காற்று உள்ளே போன சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ஆரம்பித்தது. கடையில் யாரோ கண்ணாடி வளையல்களை எண்ணிப்போடுவதுபோல் ணிங், ணிங் என்று ஒவ்வொன்றாக. கிண்ணங்கள், தட்டுகள். நானும் சுடலையும் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இடுக்கியால் எடுத்து எடுத்து மேட்டில் வைத்தோம். பாதி, கையில் இருக்கும்போதே இரண்டாகப் போனது. உள்ளே சாடிகள் மட்டும் சத்தமில்லாமல் நின்றன. பெரியவை தாங்கிவிடும் என்று நினைத்தேன். அந்த அரை மணி நேரம் நான் ஓதாத துஆ இல்லை. பிறகு முதல் சாடி, விறகுக்கட்டை முறிகிற சத்தத்தோடு, தோளிலிருந்து அடிவரை பிளந்தது. ஐந்தும் அப்படியே போயின. ஒவ்வொன்றுக்கும் இடையில் இருந்த நேரம் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அஸர் தொழுகை நேரம் வாக்கில் தண்ணீர் நின்றது. ஏறுவது குறைந்து, அப்படியே நின்று, பைய இறங்க ஆரம்பித்தது. சுடலை இறங்கிப்போய், சேற்றுக்கோட்டுக்கும் அடுப்பு வாய்க்கும் நடுவே கையை விரித்து வைத்துப் பார்த்தான். இரண்டு சாண். அடுப்பு வாயில் பூசியிருந்த மண் ஈரம்கூடப் படாமல் இருந்தது. ஆறு வரவில்லை. நான் முதலில் சொன்னதுதான் நடந்தது. நான்தான் என் சொல்லை நம்பவில்லை, அந்த அம்மாவின் சொல்லையும் நம்பவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அறுபது வயதைத் தாண்டியவன் மழையில் உட்கார்ந்து அழுதால் பார்க்க நன்றாக இருக்காது. சுடலை பக்கத்தில் வந்து நின்றான்.

“எந்திரியும். நடந்தது நடந்துபோச்சு. தண்ணி உள்ள வந்துட்டு, அதான் தொறந்தோம்னு சொல்லுவோம்.”

“வரல்லையே, சுடல.”

“யாரு பாத்தா? நீரும் நானும். அந்த அம்மாவுக்கு, ஒரு வேலயும் இல்லாமத் தொறந்து ஒடச்சான்னு இருக்கதவிட, ஆறு கொண்டுபோச்சுன்னு இருந்தா மனசு ஆறும்லா வே?”

சொல்லிவிட்டு வாளியில் சேற்றுத்தண்ணீர் அள்ளி அடுப்பு வாயில் ஊற்றினான். மூன்று வாளி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் எனக்காகச் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வாளிதான் அவனுடையது, பொய் என்னுடையது.

மறுநாள் காலையில் அம்மா வந்தார். மேட்டில் பிழைத்துக் கிடந்த பதினோரு கிண்ணங்களைப் பார்த்தார். உள்ளே குனிந்து ஐந்து சாடிகளையும் பார்த்தார். ஒவ்வொரு பிளவையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். வெளியே வந்து, தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். நான் அடுப்பு வாயைக் காட்டினேன். சேற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இடுப்புவரை குனிந்து வணங்கினார். நன்றி என்றார். உயிரோடு நின்றுகொண்டு அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து வந்த பட்டறை முதலாளி, ஜப்பானில் உடைந்ததைத் தங்கம் வைத்து ஒட்டுவார்களாமே, அப்படிச் செய்தால் என்ன என்று கேட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “அது தாத்தா குடிச்ச ஒரு கிண்ணத்துக்கு. இது வேலை. உடைஞ்ச வேலை” என்றார்.

போவதற்கு முன்னால் பதினோரு பெட்டிகள் செய்யச் சொன்னார். அம்பாசமுத்திரத்தில் ஆசாரியிடம் செய்து வாங்கினேன். அவர்கள் ஊரில் ஒரு பானைக்கு ஒரு மரப்பெட்டி. செய்தவர் மூடியின் உட்பக்கத்தில் தன் கையால் எழுதி முத்திரை வைக்க வேண்டும். அந்த எழுத்து இல்லாவிட்டால் பானையை அவருடையது என்று யாரும் நம்ப மாட்டார்களாம். என்ன மண், எந்த ஊர், எரித்தபோது என்ன நடந்தது என்பதையும் அதில் எழுதலாம். முதல் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, தூரிகையை மையில் தோய்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“காதர் சான், நீங்க சொல்லுங்க. என்ன நடந்துச்சு? நீங்க சொல்றது எழுதணும்.”

“தண்ணி உள்ள வந்துச்சும்மா. தொறந்தோம்.”

தூரிகை அப்படியே நின்றது. நுனியில் மை திரண்டு ஒரு சொட்டு அவருடைய துணியில் விழுந்தது. “வேற ஏதாவது இருக்கா?” என்றார். “இல்லம்மா” என்றேன். பிறகு தன் மொழியில் எழுத ஆரம்பித்தார். பதினோரு மூடியிலும் ஒரே மாதிரி. பத்துப் பெட்டிகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு, ஒன்றைப் பட்டறைக்கு விட்டுவிட்டுப் போனார். அடுத்த வருடம் வந்து சாடிகளை மறுபடி செய்யலாம், காட்சியைத் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்றார். நான் மண்ணைச் சலித்து, நனைத்துப் புளிக்கப்போட்டு வைத்திருந்தேன்.

அவர் வரவில்லை. மணிக்கட்டு மோசமாகிவிட்டது போலிருக்கிறது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். காட்சி ஐந்து சாடி இல்லாமலே நடந்தது என்று பிற்பாடு முதலாளி சொன்னார். இதற்குள் என் கதை வளர்ந்துவிட்டது. இடுப்பளவு வெள்ளத்தில் நின்று கிண்ணங்களை மீட்டவன் ஆகிவிட்டேன். பேப்பரில் போட்டோ வந்தது. பொன்னாடை போட்டார்கள். என் வீட்டுக்காரிதான் ஒருநாள், “ஒங்களப் புகழ்ந்தா நீங்க ஏன் எந்திரிச்சுப் போயிருதீய?” என்று கேட்டாள். வெற்றிலை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். சுடலை மூன்று வருடத்துக்கு முன்னால் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்துவிட்டான். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று அதன் பிறகு நிம்மதியாகக்கூட இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது.

போன மாதம் நான் பட்டறைக்கு வந்திருந்தேன். உங்களில் ஒரு தங்கை அலமாரியைத் துடைக்கும்போது பெட்டி மூடியைத் திருப்பி வைத்துப் போன் கேமராவை அதன்மேல் காட்டினாள். போன் அந்த எழுத்தைத் தமிழில் கோணல்மாணலாகக் காட்டியது.

“நதி இரண்டு கை கீழே நின்றது. சூளை வாய் உலர்ந்தது. திறந்தவர் காதர்.”

“அண்ணாச்சி, தண்ணி உள்ள வந்துச்சுன்னுலா சொல்லுதாங்க?” என்று கேட்டாள்.

“போன் தப்பாச் சொல்லுதும்மா” என்றேன். தங்கையே, போன் தப்பாகச் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்.

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை எனக்கு வழி தெரியவில்லை. ஆறு ஏறி நின்ற இடம் சுவரில் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். வாளித் தண்ணீர் வழிந்து இறங்கும். ஆறு விட்டுப்போன சேற்றுக்கோடும் சரிவில் இரண்டு சாண் கீழேயே கிடந்தது. வெந்த செங்கலில் ஆறு புகுந்திருந்தால் அது வெடித்திருக்கும். இத்தனை வருடம் சூளை பார்த்தவருக்கு இது தெரியாதா? வந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் குனிந்திருக்கிறார். தெரிந்துதான் தூரிகையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டிருக்கிறார்.

முதலாளியிடம் நம்பர் வாங்கி மறுநாள் கூப்பிட்டேன். ஒன்பது வருடம் கழித்து அந்தக் குரல். சுற்றி வளைக்கவில்லை. தண்ணீர் வரவில்லை, நான்தான் திறந்தேன், நான்தான் பொய் சொன்னேன் என்று சொல்லி முடித்தேன்.

“தெரியும்” என்றார்.

“பின்ன ஏம்மா அன்னைக்கே கேக்கல?”

“கேட்டேன். பெட்டி எழுதும்போது.”

அவரே சொன்னார்.

“சாடி போனது வருத்தம். ஆனா நீங்க காப்பாத்தத்தான் திறந்தீங்க. அது எனக்குப் புரியும். நானும் திறந்திருக்கேன், என் சூளை கட்டின புதுசுல. அடுத்த வருஷம் ஜனவரிக்கு டிக்கெட் எடுத்தேன். நீங்க சொல்வீங்கன்னு டிசம்பர் முடியற வரைக்கும் பாத்தேன். சொல்லல. தீயும் நான் பாக்கணும், உங்களையும் நான் பாக்கணும்னா, எனக்கு ரெண்டு கண்ணு போதாது. அதனால டிக்கெட் வேணாம்னு சொல்லிட்டேன்.”

கை வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். கை அப்போது நன்றாகத்தான் இருந்ததாம்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். சூளையைத் திறந்தது ஒரு நாளின் தப்பு. அதற்கு ஐந்து சாடிகள் போயின. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதற்கு என்ன போயிற்று என்று அந்தப் போனில்தான் தெரிந்தது.

போனை வைக்கப் போனவரை நிறுத்தி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “இப்ப வாங்கம்மா. நல்ல பசங்க வந்திருக்காங்க. மண்ண நானே சலிச்சு வைக்கேன். சாடி செய்வோம்.”

அவர் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

“காதர் சான், எனக்கு இப்ப எழுபத்தோரு வயசு” என்றார்.